ஆயுத பூஜைக்கு எந்தக் கப்பல்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்புப் பட்டறையில், ஆயுத பூஜைக்கு விண்கப்பல் செய்து தொங்கவிட ஆள் இல்லாமல் போகும் நிலை வந்தது. இதைச் சொன்னால் என் மருமகள், “பூஜைக்கு எதுக்குங்க மாமா விண்கப்பல்?” என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். ஆகவே அங்கிருந்தே சொல்கிறேன்.

நான் அப்போது பம்புகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலையாக இருந்தேன். எந்தப் பம்பு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று அளந்து சொல்வது என் பிழைப்பு. பாடம் எதுவும் நடத்தியதில்லை; ஆனாலும் கண்ணாடியும் பேனாவும் இருந்த காரணத்தால் எல்லோரும் என்னை வாத்தியார் என்றார்கள். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற புத்தி அந்த வேலையால் வந்ததா, அந்தப் புத்தியால்தான் அந்த வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. தியேட்டருக்குப் போனால் விளக்கு அணைவதற்குள் மின்விசிறிகளை எண்ணிவிடுவேன். அதில் எத்தனை ஓடவில்லை என்பதும் தெரிந்துவிடும். ஓடாததற்குக் கீழேதான் எனக்கு எப்போதும் இடம் கிடைக்கும்.

பட்டறைக்காரர் என் நண்பர். காங்கேயம் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருந்த குடும்பம். மழை பொய்த்துக் கிணறும் வற்றிய பின் கோயமுத்தூருக்கு வந்து, மற்றவர்களுடைய கிணறுகளுக்குப் பம்பு செய்ய ஆரம்பித்தவர். அவருடைய பட்டறையில் பேட்டர்ன் செய்பவர் ஒருவர் இருந்தார். பம்பின் ஒவ்வொரு பாகத்தையும் முதலில் மரத்தில் செதுக்க வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மர உருவைச் செய்கிறவர் இவர். சத்தியமங்கலத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, வெள்ளைச் சட்டையோடு நேராகப் பட்டறைக்கு வருவார். அன்று வேலை கிடையாது. மூன்று பேரும் மேட்னி போவோம்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு படவரிசைதான். எண்பதுகளில் வந்த ஆங்கிலப் படங்கள், மொத்தம் மூன்று பாகம். வறண்டுபோன கிரகங்களுக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போகிற ஒரு விண்கப்பலின் கதை. அதன் ஆங்கிலப் பெயர் எங்கள் யாருக்கும் வாயில் நுழையாது. எங்களுக்குள் அது ‘தண்ணிக் கப்பல்’. மற்ற ஊர்க்காரர்கள் அதில் வரும் சண்டைக்காகப் பார்த்திருக்கலாம். நாங்கள் தண்ணீருக்காகப் பார்த்தோம். கப்பலின் பின்னால் ஒரு பெரிய இலைச் சக்கரம் சுற்றும். எங்கள் பம்பின் வயிற்றுக்குள் சுற்றுகிற இம்பெல்லர் மாதிரியே இருக்கும். அது முதன்முதலில் திரையில் சுற்றியபோது பட்டறைக்காரர் என் தொடையில் ஓங்கி அடித்து, “ஏழு இலை வாத்தியாரே!” என்றார். நானும் எண்ணிவிட்டிருந்தேன். ஏழுதான். விண்வெளியில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை, அந்தச் சக்கரம் எதைத்தான் தள்ளும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இங்கிலீஷ் புரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வருவேன். முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். நான் சொன்ன தமிழில் கேப்டன் தன் எஞ்சின் ஆளைக் கூப்பிடும்போதெல்லாம் “ஏனுங்க, கொஞ்சம் வேகத்தைக் கூட்டுங்க” என்றுதான் சொல்வார். எனக்கு வேறு மாதிரி வராது.

அந்தக் கப்பலைத்தான் பேட்டர்ன்காரர் வருடா வருடம் ஆயுத பூஜைக்குச் செய்தார். பட்டறைப் பூஜை என்றால் கோயமுத்தூரில் சாதாரண விஷயம் இல்லை. லேத்துகளை எல்லாம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழை கட்டி, அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கெல்லாம் பொரி கடலை கொடுப்பார்கள். பேட்டர்ன்காரருக்குச் சாமி வேறு. சந்தனம் அரைக்கவோ வாழை கட்டவோ அவரை யாரும் கூப்பிடுவதில்லை; அவரும் வருவதில்லை. கப்பல்தான் அவருடைய பங்கு. கழிவு அலுமினியத்தை வார்த்து, தகடு ஒட்டி, உள்ளே சீரியல் பல்பு வைத்து, பட்டறை நடுவில் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கின் கொக்கியில் மாட்டி மேலே இழுத்துவிடுவார். தெருவே வந்து அண்ணாந்து பார்க்கும். பூஜை முடிந்த மறுவாரம் கப்பல் உருகி வேறு பாகமாகிவிடும். அடுத்த வருடம் மறுபடியும் புதிதாகச் செய்வார்.

இப்படி இருக்கையில்தான் அந்தப் புதுப் படம் வந்தது. நான்காம் பாகம் என்று நினைத்துப் போனோம். நான்காம் பாகம் இல்லை. பழைய மூன்றும் நடக்கவே இல்லை என்பதுபோல், கதையை முதலிலிருந்து தொடங்கிவிட்டார்கள். கப்பல் வேறு. கேப்டன் வேறு, அதுவும் தலை நரைத்த ஒரு கிழவர். போதாக்குறைக்குத் தமிழில் பேசினார்கள். எனக்கு வேலையே இல்லை. நடுவில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

“என்ன வாத்தியாரே, கேப்டன் எல்லாரையும் வாடா போடாங்கறான்? தன் வயசுக்காரனைக்கூட ‘நீ’ங்கறான்,” என்றார் பட்டறைக்காரர்.

“மெட்ராஸ்ல பேசி ஒட்டியிருக்காங்க,” என்றேன்.

பிறகு கப்பல் கிளம்பியது. பின்சக்கரம் சுற்றியது. பட்டறைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். எங்கள் ஊரில் நேற்றுச் சேர்ந்த ஆளுக்கும் தெரியும், இம்பெல்லரின் இலைகள் சுற்றுகிற திசைக்கு முதுகைக் காட்டி வளைந்திருக்க வேண்டும். இந்தக் கப்பலில் அவை முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்றின. அதிலும் ஒன்பது இலை. இடைவேளை விட்டதும் பட்டறைக்காரர் வெளியே போனார். முறுக்கு வாங்கத்தான் போகிறார் என்று நினைத்தோம். திரும்பி வரவில்லை.

நான் கடைசிவரை இருந்தேன். தப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன், இருபத்து மூன்று தேறியது. விளக்கு வந்தபோது பக்கத்தில் பேட்டர்ன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். விசிறி ஓடாததால் வியர்வை என்று நினைத்தேன்.

மறுநாள் டீ நேரத்தில் பட்டறை இரண்டாகிவிட்டது. லேத்தில் நின்றவர்கள், மணல் அச்சு போடுகிறவர்கள், பெயின்ட் அடிப்பவர் என எல்லோரும் அதற்குள் படம் பார்த்திருந்தார்கள். பழைய கப்பலுக்குப் பதினொரு பேர், புதுசுக்கு எட்டுப் பேர். ஒருவர் மட்டும் படத்தில் தூங்கிவிட்டதாகச் சொல்லி இரண்டு பக்கமும் வசவு வாங்கினார்.

“எலை திரும்பிக் கெடக்குது தம்பி,” என்றார் பட்டறைக்காரர், பேட்டர்ன்காரரைப் பார்த்து. “அப்படி ஒண்ணை நாம வார்த்துக் குடுத்தா, வாங்கினவன் திருப்பிக் கொண்டாந்து மூஞ்சியில வீசிப்போட்டுப் போவான்.”

“அது சினிமாங்ணா.”

“சினிமான்னா? சினிமாவுல மட்டும் எலை எப்படி வேணா இருந்துக்குமா?”

“எலையே பாத்துட்டிருந்தா கதை எப்பங்ணா பாக்கறது? கடைசியில கேப்டன் யாருன்னாச்சும் தெரியுங்களா உங்களுக்கு?”

“தெரியாம என்ன? பழைய கேப்டன் மகன்தான் கேப்டன். எத்தனை தடவை பாத்திருக்கறோம்!”

“அது பழசுலீங்ணா. புதுசுல யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

பெயின்ட் அடிப்பவர் நடுவில் புகுந்து, “அண்ணன் முறுக்கோட ஊட்டுக்குப் போயிட்டாருங்க, அவருக்கெப்படித் தெரியும்?” என்றார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். பதினொன்றிலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பட்டறைக்காரர் முகம் சிவந்துவிட்டது.

“எவன் கேப்டனா இருந்தா எனக்கென்ன? பூஜைக்குத் தொங்கறது பழைய கப்பல்தான். பட்டறை என்னோடது.”

சிரிக்கத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. பேட்டர்ன்காரர் டீயைக் குடித்து முடித்தார். “சரிங்க,” என்றார். அதில் அண்ணா இல்லை. பட்டறைக்காரரும் அதைக் கவனித்தார். என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு பேட்டர்ன்காரர் வேலைக்கு ஒழுங்காக வந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரவில்லை. பூஜை நெருங்கியது. வழக்கமாக அந்தச் சமயத்தில் மூலையில் கப்பலின் மூக்காவது கிடக்கும். அந்த வருடம் எதுவும் கிடக்கவில்லை. அரசூர்ப் பக்கம் இரும்பு வார்க்கிற ஒரு பெரிய பவுண்டரி அவரை வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். கப்பல் இல்லையென்றால் பூஜைக்கு வர அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பூஜைக்கு வராதவர் பூஜைக்குப் பிறகு மட்டும் வருவாரா?

“போயிருவானுங்களா வாத்தியாரே?” என்று பட்டறைக்காரர் தினமும் கேட்டார்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“எலை திரும்பின கப்பலுக்கா? பம்புக்காரன் பட்டறையிலயா? நாலு பேரு வந்து பாக்கறது வாத்தியாரே.”

இலை விஷயத்தில் நானும் அவர் கட்சிதான். ஆகவே மேலே என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கப்பலை நாமே செய்வோம். பழைய கப்பலின் ஒவ்வொரு ஜன்னலும் என் நினைவில் இருந்தது. ஒரு பக்கம் பதினான்கு. அவரிடம் உலை இருந்தது. இது போதும் என்று நினைத்தோம். இரண்டு பேரும் வியர்த்து வழிந்து ஒன்றைச் செய்து மேஜைமேல் நிறுத்தினோம். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. முறத்தில் தேங்காயும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு அவர் மனைவி உள்ளே வந்தார்.

“இதென்னுங்க, இட்லிக் கொப்பரையா?”

“கப்பல் அம்மணி.”

அந்த அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தார். எங்களையும் பார்த்தார். “இதைக் கொக்கியில மாட்டினா ஆவி எந்தப் பக்கம் வரும்னு கேப்பாங்க. எடுத்து உள்ள வெச்சுப்போடுங்க. அந்தத் தம்பி எங்க?”

நடந்ததைச் சொன்னோம். இலை திரும்பியிருந்ததைப் பட்டறைக்காரர் கையால் சுற்றியே காட்டினார். இருபத்து மூன்று தப்புகளில் முக்கியமானவற்றை நான் சொன்னேன்.

“ஏனுங்க, படத்தை முழுசாப் பாத்தீங்களா?”

“பாதி பாத்தது போதாதா?”

“நானும் நாத்தனாரும் ஆனைமலைக் கோயிலுக்குப் போனோமில்ல, திரும்பறப்போ பொள்ளாச்சியில பாத்துப்போட்டுத்தான் வந்தோம். கடைசியில அந்தக் கெழட்டுக் கேப்டன் எஞ்சின் ரூமுக்கே எறங்கிப் போறாரு. அங்க கரி தொடைச்சிட்டு நிக்கறவனை, மேல வந்து உக்காருன்னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வாராரு. இனி அவன்தான் கேப்டன். நாங்க ரெண்டு பேரும் அழுதுட்டோம். நீங்க எலை எண்ணிட்டுக் கெடங்க.”

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். அந்தக் காட்சி எனக்கு நன்றாக நினைவிருந்தது. எஞ்சின் அறையின் ஏணியில் முதலில் காட்டியபோது ஒன்பது படியும் அடுத்த தடவை காட்டியபோது ஏழு படியும் இருந்தன. என் கணக்கில் அது பதினெட்டாவது தப்பு.

“அப்பறம் இதையும் சொல்லுங்க,” என்றார் அந்த அம்மா. “அந்தத் தம்பியைப் பூஜைக்கு வான்னு ஒருக்காவாச்சும் கூப்பிட்டிருக்கீங்களா?”

“தினமும் வாரவனை எதுக்கு அம்மணி கூப்பிடோணும்?”

“எங்கண்ணனும் தினமுந்தான் ஊட்டுக்கு வாராரு. பொண்ணு சீருக்குத் தட்டு வெச்சுக் கூப்பிட்டீங்களா இல்லீங்களா?”

கூப்பிட்டுத்தான் இருந்தார். எங்கள் பக்கம் அது அப்படித்தான். பக்கத்து வீடாக இருந்தாலும், நேற்று முழுக்கச் சேர்ந்து பந்தல் போட்டிருந்தாலும், வீடு தேடிப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காவிட்டால் அழைக்கவில்லை என்றுதான் கணக்கு. அதற்காகப் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளை எனக்கே நாலைந்து பேர் தெரியும்.

மறுநாள் பட்டறைக்காரர் என்னையும் இழுத்துக்கொண்டு சிங்காநல்லூருக்குப் போனார். படம் அதற்குள் அங்கே போய்விட்டிருந்தது. முதல் பாதிதான் பார்த்தாகிவிட்டதே என்று, டிக்கெட் வாங்கிக்கொண்டு இடைவேளை வரை வெளியிலேயே நின்றார். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் மூன்று தடவை வந்து, “படம் ஓடிட்டிருக்குதுங்க,” என்றார். “தெரியுமுங்க, எங்க பாதி இன்னும் வரலீங்க,” என்றார் இவர். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். சக்கரம் இரண்டு இடத்தில் தப்பாகச் சுற்றியது. பல்லைக் கடித்தார், அவ்வளவுதான். கிழட்டுக் கேப்டன் ஏணியில் இறங்கினார். இந்த முறை நான் படிகளை எண்ணாமலிருக்க முயன்றேன், முடியவில்லை. ஆனால் அதோடு, கரி படிந்த அந்த ஆள் தன் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வதையும் பார்த்தேன். முதல் தடவை அதை நான் கவனிக்கவில்லை. வெளியே வந்ததும் பட்டறைக்காரர் சொன்னார்: “மரியாதைன்னு ஒரு வார்த்தை வாயில வரலீங்க அந்தக் கெழவனுக்கு. ஆனா எறங்கிப் போய்க் கூப்பிட்டான் பாருங்க.”

அன்று மாலையே கிளம்பினோம். அவர், அவர் மனைவி, நான். மூன்று பேராகப் போகக் கூடாது என்று எனக்கு ஒரே கவலை. நாலாவதாகத் தட்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, ஒரு தேங்காய்.

பேட்டர்ன்காரர் வீட்டு வாசலில் சட்டையில்லாமல் உட்கார்ந்து மரத்தூளை உதறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடிப் போய் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் மனைவி நாற்காலி போட்டார். மூத்த மகள் தண்ணீர் கொண்டு வந்தாள். பட்டறைக்காரர் அழைப்பு வைத்துப் பழகியதெல்லாம் கல்யாணத்துக்கும் சீருக்கும்தான். எழுந்து நின்று, தட்டை இரண்டு கையாலும் நீட்டி, மனப்பாடமாக இருந்ததைச் சொல்லிவிட்டார்.

“குடும்பத்தோட முன்னாடியே வந்திருந்து, நல்லபடியா நடத்திக் குடுக்கோணுமுங்க.”

பேட்டர்ன்காரரின் மனைவி பதறிப்போய், “யாருக்குங்க கல்யாணம்?” என்றார்.

பட்டறைக்காரரின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். “லேத்து மிசினுக்குங்க,” என்றார் கடைசியில். “மாப்பிள்ளை யாருன்னு கேட்டுப்போடாதீங்க.” மகள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். பேட்டர்ன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார்.

“எந்தக் கப்பலுங்க?” என்று கேட்டார்.

“நீ எதைக் கொண்டாந்து மாட்டறயோ அதுதான் தம்பி கப்பல்.”

“எலை?”

பட்டறைக்காரர் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தார். அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “படத்துல எப்படியோ அப்படி,” என்றார் பட்டறைக்காரர். சொல்லி முடித்ததும் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டார்.

“ரெண்டாவது பாதியும் பாத்துட்டாரு,” என்று நான் சொல்லி வைத்தேன்.

பேட்டர்ன்காரர் தலையை நிமிர்த்தினார். “பாத்துட்டீங்களாங்ணா?”

“பாத்தேன் தம்பி. அந்த ஏணி ரெண்டு படி கம்மியா இருக்குதாமா. வாத்தியாரு சொல்றாரு.”

“அவரு கெடக்கறாருங்ணா,” என்றார் பேட்டர்ன்காரர்.

பூஜை அன்று காலையில் பேட்டர்ன்காரர் தன் மனைவி, இரண்டு மகள்கள் எல்லோரோடும் வந்தார். கப்பலைப் போர்வை சுற்றி ஆட்டோவில் கொண்டு வந்திருந்தார். பிரித்ததும் எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். நான் இதுவரை பார்த்ததில் அதுதான் அழகானது. புதுப் படத்துக் கப்பல். பின்சக்கரம் தனி மோட்டாரில் சுற்றியது, ஒன்பது இலையும் தப்புத் திசைக்கு வளைந்து. கொக்கியில் மாட்டியதும் பட்டறைக்காரர், “எல்லாரும் ஒரு கை போடுங்க,” என்று சங்கிலியைப் பேட்டர்ன்காரர் கையில் கொடுத்து, தானும் பிடித்து இழுத்தார். பூஜை முடியும்வரை அது எங்கள் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் அண்ணாந்து பார்த்து, “ஏனுங்க, எலை திரும்பியிருக்குதே?” என்றார்கள். பட்டறைக்காரர் ஒவ்வொருவருக்கும், “ஆமாங்க, அது அப்படித்தானுங்க,” என்று பதில் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் பேட்டர்ன்காரர் பக்கம் திரும்பினார்.

“இருந்தாலும் தம்பி, அந்த எலையை மட்டும்…”

“ஆரம்பிச்சுட்டீங்களாங்ணா?”

பிறகென்ன, பழைய கட்சி ஒரு பக்கம், புதுக் கட்சி ஒரு பக்கம். பேட்டர்ன்காரரின் சின்ன மகள் அப்பாவுக்கு எதிராகப் பழைய கப்பலுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டாள். மத்தியானம் வரை கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர், “வாத்தியாரே, நீங்க எந்தப் பக்கம், அதைச் சொல்லுங்க,” என்றார்.

“பழைய படம்தான்,” என்றேன். இன்றைக்கும் அதுதான்.

“அக்கா, வாத்தியாருக்குப் பொரி போடாதீங்க!” என்றார் பேட்டர்ன்காரர்.

அந்த அம்மா போடத்தான் போட்டார். ஆனால் எல்லோர் பொட்டலத்திலும் நிலக்கடலை ஒரு கைப்பிடி இருந்தது. என்னுடையதில் ஆறுதான் இருந்தது.